நாலு மணி அலாரம்

சென்ற ஆண்டு இறுதியில் ஜொகூர் பாருவில் நண்பர்கள் கூடிய சிறிய வாசிப்புச் சந்திப்பு ஒன்றில் காஃப்காவின் ‘உருமாற்றம்’ எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒன்பது பேர் வந்திருந்தோம். வழக்கம்போல முதல் அரைமணி நேரம் பூச்சியிலேயே போனது. அது கரப்பான்பூச்சியா, வண்டா? நபக்கோவ் தன் வகுப்பில் அது வண்டுதான் என்று படம் போட்டு வாதாடியதை ஒருவர் சொன்னார். இன்னொருவர் அந்நியமாதல் என்றார். இருத்தலியல் வந்தது. காஃப்கா தன் அப்பாவுக்கு எழுதி, அவர் கைக்குப் போகாமலே நின்றுபோன கடிதம் வந்தது. எல்லாம் சரிதான். எனக்குத்தான் அன்றைக்கு மனசு வேறொன்றில் மாட்டிக்கொண்டிருந்தது. “அலாரம் எத்தன மணிக்கு வச்சிருந்தான்?” என்று கேட்டேன். யாருக்கும் ஞாபகம் இல்லை.

நாலு மணிக்கு.

எனக்கு அது மறக்காது. நானும் நாலு மணிக்குத்தான் வைக்கிறேன். மாசாயிலிருந்து கிளம்பி, மோட்டார் சைக்கிளில் அண்ணன் பின்னால் உட்கார்ந்து, பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை என்று நின்று, ஏழு மணி ஷிஃப்டுக்கு உட்லண்ட்ஸ் பக்கம் இருக்கிற ஒரு தொழிற்சாலைக்குள் கார்டைத் தட்டிவிட்டு நுழைய வேண்டும். நாளொன்றுக்கு மூன்று இலட்சம் பேருக்கு மேல் கடக்கிற எல்லை இது. நாலரைக்குப் பிறகு கிளம்பினால் நான் லேட். ‘உருமாற்றம்’ கதையின் முதல் பகுதியை இந்த ஊரில் வைத்து வாசித்துப் பாருங்கள். பூச்சி கொஞ்சம் பின்னால் போய்விடும். ரயில் முன்னால் வந்து நிற்கும்.

கிரிகோர் சாம்சா கண் விழிக்கும்போது மணி ஆறரை. ஐந்து மணி ரயில் போய்விட்டது. அடுத்தது ஏழு மணிக்கு. உடம்பெல்லாம் ஓடாகி, கால்கள் நிறைய முளைத்து, மல்லாந்து கிடக்கிறான். அந்த நிலையில் ஒருவன் எதை யோசிக்க வேண்டும்? இவன் ரயில் அட்டவணையை யோசிக்கிறான். ஏழு மணி வண்டியைப் பிடித்தாலும் முதலாளியிடம் திட்டு வாங்காமல் தப்ப முடியாது என்று யோசிக்கிறான். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றுகிறது. உடனே அதையும் தள்ளிவிடுகிறான். ஐந்து வருஷ வேலையில் ஒரு நாள்கூட நோய் என்று படுத்ததில்லை. இப்போது சொன்னால் சந்தேகப்படுவார்கள். முதலாளி காப்பீட்டு மருத்துவரையே அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த மருத்துவரைப் பொறுத்தவரை உலகத்தில் நோயாளிகளே கிடையாது. உடம்பு நன்றாக இருந்தும் வேலைக்கு வர மனமில்லாதவர்கள்தான் உண்டு.

இந்த இடத்தை நான் முதலில் கல்லூரியில் படித்தபோது நகைச்சுவை என்று நினைத்துக் கடந்துவிட்டேன். வேலைக்குப் போன மூன்றாவது மாதத்தில்தான் திரும்பப் படித்தேன். ஒரு தடவையும் எம்சி போடாதவனுக்குத்தான் எம்சி போடப் பயம் அதிகம். இதை எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அடிக்கடி போடுகிறவனைப் பற்றி ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். அவனுக்கு இழக்கப் பெயர் இல்லை. சுத்தமான ஏடு வைத்திருக்கிறவனுக்குத்தான் முதல் கறை. கிரிகோரின் நல்ல பெயரே அவனைப் படுக்கையிலிருந்து இழுத்துக் கீழே போடுகிறது. கதையில் அதுவரை வெளியாள் யாரும் வரவில்லை. தலைமைக் குமாஸ்தா வந்து கதவைத் தட்டுவதற்கு முன்பே அவன் எழுந்திருக்கப் போராட ஆரம்பித்துவிட்டான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

குமாஸ்தா ஏழு மணி கொஞ்சம் தாண்டியதுமே வந்துவிடுகிறார். அம்மா அவரிடம், பிள்ளைக்கு உடம்பு முடியவில்லை, இல்லாவிட்டால் ரயிலை விடுவானா என்கிறாள். அவர் மரியாதையாகத்தான் பேசுகிறார். வியாபாரத்தில் இருக்கிறவர்கள் இந்த மாதிரிச் சின்னச் சின்ன உபாதைகளைத் தாண்டித்தான் வரவேண்டியிருக்கிறது என்கிற பொருளில் ஏதோ சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் குரல் மாறுகிறது. கிரிகோரின் வேலை சமீபத்தில் திருப்தியாக இல்லை என்கிறார். வசூல் பணம் அவன் பொறுப்பில் இருந்ததைச் சொல்லி, அதனால்தான் வரவில்லையோ என்று முதலாளி நினைக்கிறார் என்கிறார். ஒரு நாள், அதுவும் இரண்டு மணி நேரத் தாமதம். அதற்குள் நோயிலிருந்து சோம்பல், சோம்பலிலிருந்து திருட்டு என்று படியிறங்கிவிட்டார்கள். கிரிகோர் கதவுக்கு உள்ளிருந்து கத்துகிறான்: லேசான தலைச்சுற்றல்தான், எட்டு மணி ரயிலில் கிளம்பிவிடுவேன் என்று. அவன் குரல் மனிதக் குரலாகவே இல்லை. வெளியே யாருக்கும் ஒரு சொல்லும் புரியவில்லை.

வரலாம், வந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிற அந்தப் பூச்சியின் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் காலை ஐந்தரைக்குக் கேட்கும்.

---

எம்சி என்றால் என்ன என்று இந்தப் பக்கம் இருக்கிற யாருக்கும் விளக்க வேண்டாம். தமிழ்நாட்டு நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: மருத்துவச் சான்றிதழ். உடம்பு முடியாமல் வீட்டில் படுப்பதற்கு ஒரு தாள் வேண்டும். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இரண்டு வருஷத்துக்குக் குறைவான பணிக்காலம் உள்ளவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து வருஷம்வரை 18, அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு தருகிறது. மருத்துவமனையில் சேர்ந்தால் 60 நாள். சிங்கப்பூரில் ஆறு மாதம் வேலை செய்தவருக்கு 14 நாள்; மருத்துவமனை என்றால் அதையும் சேர்த்து 60. தாளில் இது நன்றாகவே இருக்கிறது.

ஆனால் சிங்கப்பூரில் வேலை, ஜொகூரில் வீடு என்று இருக்கிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அங்கே பதிவுபெற்ற மருத்துவர் கொடுக்கிற சான்றுதான் சட்டப்படி செல்லும். மாசாய் கிளினிக் தாளை ஏற்றுக்கொள்வதும் மறுப்பதும் முதலாளி இஷ்டம். எனக்கு ஒரு தடவை வாந்தியும் வயிற்றுப்போக்கும். வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில் இரண்டு நாள் எழுதிக் கொடுத்தார்கள். படம் எடுத்து அனுப்பினேன். சிங்கப்பூர் எம்சி இருந்தால்தான் சம்பள விடுப்பு என்று பதில் வந்தது. அண்ணன் வேலைக்குப் போய்விட்டான். பேருந்து ஏறி, பாலம் கடந்து, அந்தப் பக்கம் ஒரு கிளினிக்கில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, என்னால் வேலைக்கு வர முடியவில்லை என்பதற்கான தாளை வாங்கினேன். அடுத்த வாரம் லைன் லீடர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “பாலம் தாண்டுற தெம்பு இருந்துச்சுல்ல, அப்படியே வேலைக்கு வந்திருக்கலாம்ல?”

அவர் கெட்டவர் இல்லை. அவரும் ஸ்கூடாயிலிருந்து நாலு மணிக்குக் கிளம்பி வருகிறவர்தான். அவர் கேட்டதில் ஒரு தர்க்கம் இருக்கிறது; அதுதான் சங்கடம். காஃப்காவின் கதையில் எனக்குப் பிடித்த விஷயமும் இதுதான். அதில் வில்லன் என்று பிடித்து வைக்க ஆள் கிடைப்பதில்லை. குமாஸ்தாகூடக் கடைசியில் பயந்து படிக்கட்டில் குதித்து ஓடுகிற ஒரு சம்பளக்காரர்தான்.

---

எங்கள் வீட்டுச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சான்றிதழ் மாட்டியிருக்கிறது. 2006ஆம் ஆண்டு முழுக்க ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் வேலைக்கு வந்ததற்காக அப்பாவுக்கு அவர் வேலை செய்த இடத்தில் கொடுத்தது. தங்க நிற ஓரம், ஒரு கையெழுத்து. கூடவே ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். அது எப்போதோ நின்றுவிட்டது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அப்பா தன் மோட்டார் சைக்கிளுக்கும், ஸ்பேனர் பெட்டிக்கும், இந்தச் சான்றிதழ்க் கண்ணாடிக்கும் சந்தனப் பொட்டு வைப்பார். சின்ன வயசில் எனக்கு அது சாமி படங்களில் ஒன்று என்றே நினைப்பு.

ஒரு விமர்சகர் அந்தத் தாளை எப்படி வாசிப்பார் என்று நான் யோசித்திருக்கிறேன். அதில் இல்லாதது என்ன என்று பார்ப்பார். அந்த வருஷம் மார்ச்சில் அப்பாவுக்கு ஒரு வாரம் விடாத காய்ச்சல். அம்மா சொல்லித்தான் தெரியும். இரவு ஈரத்துணி, காலை இரண்டு பனடோல், நாலரைக்கு மோட்டார் சைக்கிள். ஒரு நாள் திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாராம். அது சான்றிதழில் இல்லை. ஆனால் அது நடக்காமல் அந்தச் சான்றிதழும் இல்லை.

அப்பாவுக்கு இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். வேலைதான் காரணம் என்று நான் எழுத மாட்டேன். மலேசியாவில் சிறுநீரகம் செயலிழக்க முதல் காரணம் நீரிழிவு, அப்பாவுக்கும் அதுதான். ஆனால் டாக்டர் முதல் நாள் கேட்டார், கால் வீக்கம் எப்போதிலிருந்து என்று. “ரெண்டு வருஷமா இருக்கும்.” ஏன் அப்போதே வந்து காட்டவில்லை? அப்பா டாக்டரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் இருக்கிறது. இதென்ன கேள்வி என்பது போல. “வேலை இருந்துச்சு டாக்டர்.”

---

பாட்டி குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் கித்தா மரம் வெட்டியவர். விடியும் முன் பெரட்டு. ரப்பர் மரம் வெயிலுக்காகக் காத்திருக்காது. குளிர்ச்சியாக இருக்கும்போது வெட்டினால்தான் பால் நிற்காமல் வடியும். அதனால் அந்த வேலையில் மதியம் வந்து சமாளித்துக்கொள்கிறேன் என்கிற பேச்சே கிடையாது. காலையில் போனால் பேர் விழும். போகாவிட்டால் விழாது. உடம்பு முடியவில்லை என்றால் டிரஸ்ஸரிடம் போக வேண்டும். “அவரு கையத் தொட்டுப் பாப்பாரு. வெள்ளையா ஒரு தண்ணி ஊத்திக் குடுப்பாரு. வாய்க்குள்ள போனதும் ‘போ, வேலை செய்யலாம்’ம்பாரு. கசப்புக்குப் பயந்துக்கிட்டே பாதிப் பேரு போக மாட்டோம்.” பாட்டி இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்வார். சொல்லிவிட்டு எப்போதும் ஒரு வரி சேர்ப்பார்: “ஆனா நான் ஒரு நாளும் சீக்குன்னு படுத்தது கிடையாது.” அந்தச் ‘சீக்கு’ என்ற சொல்லே ஆங்கில ‘சிக்’கின் வழி என்று தமிழ்ப் பேரகராதி சொல்கிறது. நோயைக் குறிக்க நம்மிடம் எத்தனையோ சொல் இருக்க, இது எப்படி நம் வாய்க்கு வந்தது? பட்டாளமும் தோட்டமும் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கூப்பிட்ட வழியாக வந்திருக்கும் என்பது என் ஊகம்.

தோட்டத்து நோய் என்றதும் தமிழ் வாசகருக்கு ‘எரியும் பனிக்காடு’ ஞாபகம் வரும். பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் ‘ரெட் டீ’ என்று வெளியிட்ட நாவல். இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 2007இல் தமிழில் வந்து, பிறகு ‘பரதேசி’ படத்தின் வழியாக இன்னும் பல பேரிடம் போய்ச் சேர்ந்தது. டேனியல் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி மலையேறுகிறார்கள். குளிர், அட்டை, காய்ச்சல், கடன். காய்ச்சல் அதில் ஒரு பாத்திரம் போலவே நடமாடுகிறது. காய்ச்சலோடு கிடக்கிறவர்களையும் லயத்திலிருந்து வேலைக்கு விரட்டுகிற உலகம் அது. நல்ல மருத்துவர் ஆபிரகாம் கதைக்குள் வருவதற்குள் பலர் செத்துவிடுகிறார்கள். நாவலாக அதன் மொழியில் சலிப்பூட்டும் இடங்கள் உண்டு. ஆனால் ஒரு டாக்டர் எழுதிய நாவல் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். யாரும் சான்று கொடுக்காமல் செத்துப்போனவர்களுக்கு நாற்பது வருஷம் தாமதமாக ஒருவர் உட்கார்ந்து எம்சி எழுதியது போல இருக்கும் எனக்கு.

இதில் மிகை எதுவும் இல்லை. நம் பக்கத்துக் கணக்கும் அதே மாதிரிதான். 1911இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளர்களுக்கு அறுபதுக்கு மேல் சாவு. ஜொகூர் அந்தக் கூட்டமைப்பில் சேராத மாநிலம். கொசுவுக்கு அது தெரியாது. பிறகு 1942–43இல் சயாம்–பர்மா ரயில் பாதை. 415 கிலோமீட்டர். தோட்டங்களிலிருந்து ஏற்றிக்கொண்டு போகப்பட்ட தமிழர்கள் காலராவிலும் புண்ணிலும் வேலை செய்துகொண்டே செத்தார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற நாவல்களின் வழியாக இதெல்லாம் நம் இலக்கிய ஞாபகத்தில் பதிந்திருக்கிறது, பதிந்திருக்கவும் வேண்டும்.

எனக்கு ஒரு குறை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. இந்த எழுத்துகளை வாசித்துவிட்டு நான் அழுதிருக்கிறேன், கோபப்பட்டிருக்கிறேன், அப்புறம் நிம்மதியாகத் தூங்கியும் இருக்கிறேன். ஏனென்றால் யார் குற்றவாளி என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. மேஸ்திரி, துரை, ஜப்பான்காரன். கம்பு அவர்கள் கையில் இருக்கிறது. கம்பில்லாத காலத்தில் பிறந்தவள் நான் என்று தோன்றிவிடுகிறது. பாட்டியின் அந்தக் கடைசி வரியை, ‘நான் ஒரு நாளும் சீக்குன்னு படுத்தது கிடையாது’ என்று சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற பெருமையை, இந்த நாவல்களால் எனக்கு விளக்க முடியவில்லை. அப்பாவின் சந்தனப் பொட்டையும் விளக்க முடியவில்லை. வாதையைச் சொல்ல நமக்குத் தெரிந்திருக்கிறது. வாதையின் மேல் பாதிக்கப்பட்டவனே கட்டிக்கொள்கிற கௌரவத்தைச் சொல்லும்போது நாம் தடுமாறுகிறோம். அதை எழுதினால் அவனையே குற்றம் சொல்வதாகிவிடுமோ என்று பயப்படுகிறோம். நியாயமான பயம்தான்.

சையத் உசேன் அலத்தாஸ் 1977இல் எழுதிய ‘சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை’யில் (தலைப்பு என் மொழிபெயர்ப்பு) காலனிய முதலாளிகள் மலாய்க்காரர்கள், ஜாவானியர்கள், பிலிப்பினோக்களைச் சோம்பேறிகள் என்று எப்படிக் கட்டமைத்தார்கள் என்று காட்டுகிறார். தன் வயலை விட்டுவிட்டு அவர்கள் தோட்டத்தில் வந்து சாக மறுத்தவர்கள் சோம்பேறிகள் ஆனார்கள். அதன் மறுபாதி எங்கள் கதை. வந்து வேலை செய்தவர்கள் உழைப்பாளிகள் என்று பெயர் வாங்கினார்கள். அந்தப் பட்டத்தை நாங்கள் திருப்பிக் கொடுக்கவே இல்லை. துரை போனார், தோட்டம் போனது, செம்பனை வந்தது, வீடமைப்பு வந்தது. பட்டம் மட்டும் பாலம் தாண்டிப் போய்க் கண்ணாடிச் சட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டது.

கிரிகோர் சாம்சா எனக்கு இங்கேதான் உதவுகிறான். அவன் அப்பா அம்மா முதலாளியிடம் பட்ட கடனை அடைக்க இன்னும் ஐந்தாறு வருஷம் ஆகும். அதுவரை அந்த வேலையை விட முடியாது. அதாவது அவனும் முன்பணக் கூலிதான், மேஸ்திரிதான் இல்லை. அந்த இடத்தில் ஒரு அலாரம் இருக்கிறது. அதை அவனே முடுக்கி வைத்திருக்கிறான்.

---

என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இதெல்லாம் அப்பாவைப் பற்றிய கட்டுரை ஆகிவிடும்.

2020 மார்ச் 17 இரவு, மறுநாள் நாடு அடைபடப் போகிறது என்று தெரிந்ததும் பையைக் கட்டிக்கொண்டு பாலம் கடந்த ஆயிரக்கணக்கான பேரில் நானும் ஒருத்தி. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒரு விசித்திரம் நடந்தது. உடம்பு சரியில்லை என்றால் வராதே என்று எல்லாரும் சொன்னார்கள். வாசலில் நெற்றியில் வெப்பமானி வைத்தார்கள். இருமினால் வீட்டுக்குப் போ என்றார்கள். பதின்மூன்று வருஷம் அங்கே வேலை செய்த ஒரு அக்கா, “இவங்க வாயில இருந்து இது வரும்னு நான் நெனைக்கவே இல்ல” என்றார். 2022 ஏப்ரல் 1இல் தரைவழி முழுக்கத் திறந்தது. சில மாதத்தில் வெப்பமானி மூலையில் கிடந்தது. வருகை ஊக்கத்தொகை திரும்பி வந்தது. மாதம் எண்பது வெள்ளி. ஒரு எம்சி என்றால் பாதி, இரண்டு என்றால் ஒன்றுமில்லை.

2023 பிப்ரவரியில் எனக்குக் காய்ச்சல். மாதத்தில் ஏற்கெனவே ஒரு எம்சி போயிருந்தது. எண்பது வெள்ளி என்றால் அன்றைய கணக்கில் இருநூற்றைம்பது ரிங்கிட்டுக்கு மேல். அப்பாவின் மருந்துச் செலவில் ஒரு பகுதி. பணத்துக்காகத்தான் போனேன் என்று சொன்னால் பாதி உண்மை. காலையில் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு, முகக்கவசம் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது எனக்குள் ஒரு மிதப்பு இருந்தது. நான் முடியாதவள் இல்லை என்கிற மிதப்பு. தமிழில் இதற்கு ஒரு வசதி வேறு. ‘எனக்கு முடியல’ என்றால் நோய் என்றும் பொருள், இயலாமை என்றும் பொருள். ஒன்றைச் சொல்லாமல் இன்னொன்றைச் சொல்ல முடிவதில்லை. அன்று எட்டு மணி நேரம் உருப்பெருக்கி விளக்கின் கீழ் பாகங்களைச் சோதித்தேன். பக்கத்து இருக்கையில் அந்த அக்கா. இஞ்சித் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். “உன் அப்பா மாதிரியே” என்றார். அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மறு வாரம் அக்கா நாலு நாள் வரவில்லை. திரும்பி வந்தபோது நெஞ்சில் சளி இன்னும் கட்டிக்கிடந்தது. ஊக்கத்தொகை முழுக்கப் போனது. எங்கிருந்து தொற்றியது என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. எனக்கு அந்த மாதம் நாற்பது வெள்ளி கிடைத்தது.

பூச்சி வீட்டுக்குள்ளேயே அடைபட்டதால் கிரிகோர் யாருக்கும் எதையும் தொற்ற வைக்கவில்லை. காஃப்கா விட்டுவிட்ட இடம் இது என்று சொல்லலாமா? கொஞ்சம் அடாவடியான விமர்சனம்தான். ஆனாலும் ஒரு கதையில் நம்மை வைத்துப் பார்க்கும்போது நம் கை கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற இடங்களும் தெரிய வேண்டும் இல்லையா.

இந்த வாசிப்புக்கு ஒரு எதிர்வாதம் உண்டு. நண்பர் ஒருவர் அன்றைக்கே சொன்னார். “நீ கதைய யூனியன் நோட்டீஸ் ஆக்குற.” ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். முதல் பகுதியைத் தாண்டினால் வேலை பின்னால் போய்விடுகிறது. தங்கையின் கை, சுவரில் இருக்கிற படம், அப்பா எறிந்து முதுகில் புதைந்து அழுகுகிற ஆப்பிள் என்று கதை வேறு இருட்டுக்குள் இறங்குகிறது. அந்த ஆப்பிளை எந்த வேலைச் சட்டத்தாலும் விளக்க முடியாது. ஆனால் நண்பருக்கு ஒரு தகவலைச் சொன்னேன். காஃப்கா 1908 முதல் பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி. தொழிற்சாலைகளுக்குப் போய்ப் பார்த்தவர். மரம் இழைக்கிற இயந்திரத்தில் விரல் போகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று அறிக்கை எழுதியவர். யார் நிஜ நோயாளி, யார் நடிக்கிறவன் என்ற கேள்வி நாள்தோறும் சுற்றி வந்த உலகம் அது. 1912 இறுதியில் இந்தக் கதையை எழுதும்போது அவருக்குக் காசநோய் தெரியாது. 1917இல் தெரிந்தது. நிறுவனம் நீண்ட விடுப்புகள் கொடுத்தது. 1922இல் ஓய்வூதியத்தோடு அனுப்பியது. கிரிகோருக்குக் கிடைக்காதது அவனை எழுதியவருக்குக் கிடைத்தது. 1924 ஜூன் 3இல் காஃப்கா இறந்தார்; அதே மாதம் 28ஆம் தேதி ஜொகூர்ப் பாலத்தின் திறப்பு விழா. இதில் பொருள் எதுவும் இல்லை. பாலத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது இப்படித்தான் எதையாவது இணைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

---

போன மாதம் ஒரு ஞாயிறு, டயாலிசிஸ் நாற்காலி பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அப்பா நாவல் வாசிக்கிறவர் இல்லை. நாளிதழில் விளையாட்டுப் பக்கம். ஆனால் அன்றைக்குக் கேட்டார்.

பூச்சியாக மாறியதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “அஞ்சு மணி ரயில விட்டா அடுத்தது ஏழுக்கா? நடுவுல பஸ் கிடையாதா?” என்றார். குமாஸ்தா வீட்டுக்கே வந்துவிட்டார் என்றதும் கொஞ்சம் ஆச்சரியப்பட்டார். “வீடு தேடி வந்தானா? நல்ல ஆளாத்தான் இருக்கணும். நமக்கெல்லாம் மெசேஜ்தான்.” ஐந்து வருஷத்தில் ஒரு நாளும் நோய் என்று படுக்காதவன் என்று சொன்னபோது மட்டும் பேசாமல் இருந்தார். இயந்திரத்தில் ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆப்பிள் எறிகிற இடத்தைச் சொல்லலாமா என்று யோசித்து, சொன்னேன். “அப்பனா எறிஞ்சான்?” “ம்.” பிறகு அவன் செத்துப்போனதையும், வேலைக்காரி வந்து பார்த்ததையும் சொன்னேன். கதை எப்படி முடிகிறது தெரியுமா என்று கேட்டேன். அன்றைக்கு வேலைக்குப் போவதில்லை என்று முடிவு செய்து அப்பா, அம்மா, தங்கை மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து தங்கள் தங்கள் முதலாளிக்கு விடுப்புக் கடிதம் எழுதுகிறார்கள். அப்புறம் டிராமில் ஏறி ஊருக்கு வெளியே வெயிலுக்குப் போகிறார்கள். இத்தனை தடவை படித்தும் அந்த மூன்று கடிதங்களை நான் சரியாகக் கவனித்ததே இல்லை. ஒருவன் சொல்லாமல் விட்ட ‘உடம்பு முடியல’ என்ற ஒரு வரியில் தொடங்கிய கதை, மூன்று பேர் எழுதுகிற லீவ் லெட்டரில் வந்து முடிகிறது.

அப்பா கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

“மூணு பேருக்கும் லீவு குடுத்தானுங்களா?” என்று கேட்டார்.

அது கதையில் இல்லை என்றேன்.